எஸ். ஜி. கிட்டப்பா

எஸ். ஜி. கிட்டப்பா (ஆகஸ்ட் 25, 1906 - டிசம்பர் 2, 1933) தமிழ் இசை நாடக மேடையில் பெரும்புகழ் பெற்று விளங்கிய பாடகரும் நடிகரும் ஆவார். செங்கோட்டை கங்காதர ஐயரின் மகன் என்பதால் ஊரின் முதலெழுத்தும் தந்தையின் முதலெழுத்தும் அவருடைய பெயருக்கு முன்னால் அமைந்தன. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடிய கொட்டகைகளில் கடைசி வரிசை வரை கேட்கும்படி உச்ச ஸ்தாயியில் பாடிய குரலே அவருடைய புகழுக்கு முதற்காரணம். இரண்டாவது காரணம், உடன் நடித்த கே. பி. சுந்தராம்பாளுடன் அவருக்கு ஏற்பட்ட காதலும் மணமும் பிரிவும் ஆகும். இருபத்தேழு ஆண்டுகளே வாழ்ந்த அவர் பேசும் படம் எதிலும் நடிக்கவில்லை. ஆகவே அவருடைய நடிப்பை இன்று காண வழியில்லை. இசைத்தட்டுகளில் குரலை மட்டுமே கேட்கலாம்.

பிறப்பும் இளமையும்

கிட்டப்பாவின் இயற்பெயர் ராமகிருஷ்ணன். பெற்றோர் கங்காதர ஐயர், மீனாட்சி அம்மாள். இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள செங்கோட்டை, அவர் பிறந்தபோது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956 இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதே சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. பிள்ளைகள் பலர் இருந்த அக்குடும்பத்தில் வறுமை மிகுதி. கிட்டப்பாவின் தமையன்மார் சிலரும் நாடகத்திற்கே சென்றனர். அவர்களுள் காசி ஐயர் பின்னர் ஆர்மோனியக் கலைஞராகித் தம்பியின் பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசித்தார்.

கிட்டப்பா பள்ளியில் பயின்றது மிகக் குறைவு. ஐந்தாறு வயதிலேயே மேடையேறிவிட்டார். இசையையும் முறையான குருகுலத்தில் இருந்து கற்றவர் அல்லர். நாடகக் கம்பெனியில் வாத்தியார் சொல்லிக் கொடுத்ததும், தாமே காதால் கேட்டுப் பிடித்ததுமே அவருடைய இசைக் கல்வி. பிற்காலத்தில் சங்கீத வித்துவான்களும் வியந்து கேட்ட ஞானம் இந்த வழியில் வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

நாடகக் கம்பெனிகள்

அக்காலத்தில் வறிய குடும்பங்கள் பாடத் தெரிந்த சிறுவர்களை நாடகக் கம்பெனிகளில் சேர்த்துவிடுவது வழக்கம். கம்பெனி உணவும் உடையும் தங்க இடமும் தரும். ஒப்பந்தப்படி சிறு தொகை பெற்றோருக்குச் செல்லும். பையன்கள் ஊர் ஊராகச் செல்லவேண்டும். பகலில் பாடமும் ஒத்திகையும், இரவில் நாடகமும் என்று நாள் கழியும். தவறினால் அடியும் உண்டு. இந்தப் பாய்ஸ் கம்பெனி வாழ்க்கையை விரிவாக அறிய விரும்புவோர் தி. க. சண்முகம் எழுதிய எனது நாடக வாழ்க்கை என்னும் நூலைப் பார்க்கலாம்.

கிட்டப்பாவும் அவருடைய சகோதரர்களும் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867 - 1922) சமரச சன்மார்க்க நாடக சபையில் பயின்றனர். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சுவாமிகள், கூத்து மரபில் கட்டுப்பாடின்றி விடிய விடிய நடந்துவந்த கதைகளை எடுத்து, பாடலும் வசனமும் எழுதப்பட்ட நாடகங்களாக ஒழுங்குபடுத்தியவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலியவை அவர் இயற்றியவை. ஒரு சிறுவன் ஆண்டுக்கணக்கில் இப்பாடல்களையே பாடி வளர்ந்தால் இராகம், தாளம், சந்தம், தமிழ்ச் சொல்லின் நிறுத்தம் ஆகியவை தாமாகவே நாவில் படிந்துவிடும். கிட்டப்பாவின் பாட்டில் சொற்கள் எவ்வளவு வேகத்திலும் தெளிவாக ஒலிப்பதற்கு இப்பயிற்சியே அடிப்படை எனலாம்.

1919 அளவில் கிட்டப்பா கன்னையா கம்பெனியில் சேர்ந்தார். ஸ்ரீ கிருஷ்ண விநோத சபா என்பது இக்கம்பெனியின் பெயர். பொருளைக் கணக்கிடாமல் காட்சிகளை அமைப்பதில் கன்னையா பேர் பெற்றவர். அவருடைய தசாவதாரம் நாடகத்தைக் காணத் தொலைவிலிருந்தும் மக்கள் வந்தனர். பையனாக வந்த கிட்டப்பா இக்கம்பெனியிலேயே முதன்மை நடிகராக உயர்ந்தார். ஓவியம் தீட்டிய படுதாக்களும் தந்திரக் காட்சிகளும் மக்களை முதல்முறை இழுத்தன என்றால், மீண்டும் மீண்டும் வரவழைத்தது அவருடைய பாட்டே.

அக்கால மேடை

கிட்டப்பாவின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அன்றைய மேடையைப் பற்றிச் சிறிது அறிவது அவசியம். சின்னசேலம், கள்ளக்குறிச்சி முதலிய ஊர்களை உள்ளடக்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலும் அதன் வடக்கிலும் தெருக்கூத்து வேரூன்றியிருந்தது. அங்கே திரௌபதி அம்மன் திருவிழாவில் திறந்தவெளியில் பாரதக் கதை நடக்கும், கட்டணம் கிடையாது, ஆடுபவர்களும் பெரும்பாலும் அவ்வட்டாரத்தவரே. மதுரையை மையமாகக் கொண்டு வளர்ந்த இசை நாடகமோ வேறு வகையானது. கொட்டகை, படுதா, விளக்கு, ஆர்மோனியம், நுழைவுச் சீட்டு ஆகியவை அதற்கு உண்டு. பார்சி நாடகக் குழுக்கள் கொண்டுவந்த மேடை முறையும் உள்நாட்டுப் பாட்டு மரபும் கலந்து பிறந்த வடிவம் அது.

இதில் கம்பெனி நாடகம், ஸ்பெஷல் நாடகம் என இரு முறைகள் இருந்தன. கம்பெனி நாடகத்தில் ஒரே குழுவினர் ஒத்திகை பார்த்து நடிப்பர். ஸ்பெஷல் நாடகத்தில் ஒப்பந்தக்காரர் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என ஒவ்வொருவரையும் வெவ்வேறு ஊரிலிருந்து தனித்தனியே பேசி வரவழைப்பார். நடிகர்கள் நாடக இரவன்றுதான் ஒருவரையொருவர் சந்திப்பதும் உண்டு. ஒத்திகை கிடையாது. கதையும் பாடல்களும் எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் நாடகம் நடந்துவிடும். ஆனால் காட்சிக்குக் காட்சி தர்க்கம் எழும். ஒருவர் பாடியதை மற்றவர் மேலே கொண்டு செல்ல வேண்டும். ஒருவர் போட்ட கேள்விக்கு மற்றவர் அங்கேயே விடை கட்டிப் பாட வேண்டும். தோற்றவரை மக்கள் சும்மா விடமாட்டார்கள். வென்றவருக்கு ஒன்ஸ்மோர் என்ற கூச்சல் எழும். அதே பாட்டைப் பலமுறை பாடவேண்டி வரும். எனவே இம்மேடையில் காதல் காட்சி என்பதே ஒரு போட்டிக் காட்சி. வள்ளியும் வேலனும் தினைப்புனத்தில் சந்திக்கும்போது நடப்பது காதலா, கச்சேரியா, வாதப்போரா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

பெண் வேடத்தை ஆண்கள் தாங்குவது பரவலாக இருந்த அக்காலத்தில் பெண்களும் மேடைக்கு வந்துகொண்டிருந்தனர். அவர்களில் சிலர் ராஜபார்ட் வேடமே ஏற்றனர். ஆனால் நாடகக்காரி என்ற சொல்லுக்குச் சமூகத்தில் மதிப்பு இல்லை. ஆண் நடிகனுக்குக் கிடைத்த பட்டமும் பதக்கமும் பெண்ணுக்கும் கிடைத்தன. குடும்பத்தில் இடம் மட்டும் எளிதில் கிடைக்கவில்லை. கிட்டப்பா - சுந்தராம்பாள் வரலாற்றில் இது முக்கியமான செய்தியாகும்.

இசைத் திறன்

கிட்டப்பாவின் குரல் இயல்பாகவே மேல் ஸ்தாயியில் நிற்பது. பெண் குரலுக்கு ஒத்த உயர்ந்த சுருதியில் தொடங்கி, அங்கிருந்து மேலும் ஏறித் தாரஸ்தாயியில் நெடுநேரம் நின்று, மூச்சு வாங்கியது தெரியாமல் விரைவான பிருகாக்களுடன் இறங்குவது அவருடைய முறை. அன்றைய நாடகப் பாடகர்கள் எல்லோரும் உரக்கப் பாடியவர்களே. கொட்டகையின் தேவை அது. உரக்கப் பாடும்போது குரல் தட்டையாகிவிடுவது இயற்கை. கிட்டப்பாவின் குரல் உயரத்திலும் வளைந்து கொடுத்தது என்பதே அவரைத் தனித்துக் காட்டியது.

தியாகராஜரின் தேவாமிருதவர்ஷிணி இராகக் கிருதியான எவரனி அவர் பாடியதால் நாடகக் கொட்டகைக்கு வெளியே கச்சேரி கேட்பவரிடமும் பெயர் பெற்றது. தெலுங்குக் கீர்த்தனையைப் புராண நாடகத்தின் நடுவே பாடுவது பொருத்தமா என்று இன்றைய வாசகர் கேட்கலாம். அன்று அக்கேள்வி எழவில்லை. ஒரு சாதாரணத் தொழிலாளி சபாக்களின் வாசலை மிதிக்காமலேயே தரை டிக்கெட்டில் அமர்ந்து தியாகராஜரின் கிருதியை முழு இராக ஆலாபனையுடன் கேட்டான் என்றால், அதற்கு நாடக மேடையே காரணம். திருவருட்பாவை விருத்தமாகப் பாடுவதிலும் கிட்டப்பா தேர்ந்தவர். தாளக்கட்டு இல்லாத விருத்தத்தில் இராகத்திலிருந்து இராகத்திற்கு மாறிச் செல்லும் அவருடைய போக்கைப் பின்வந்த பலர் பின்பற்றினர். எம். கே. தியாகராஜ பாகவதர், டி. ஆர். மகாலிங்கம் ஆகியோரின் பாட்டில் கிட்டப்பா பாணியின் சாயல் தெளிவாகக் கேட்கும்.

சுந்தராம்பாளைச் சந்தித்தல்

கே. பி. சுந்தராம்பாள் 1908 இல் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தவர். தாயின் பெயர் பாலாம்பாள். இளமையில் கடும் வறுமை. ரயிலில் பாடிக் காசு பெற்ற சிறுமி நாடகத்தார் கண்ணில் பட்டுக் கம்பெனியில் சேர்க்கப்பட்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் குழந்தையாகப் பாடியது அவருடைய தொடக்க கால வேடங்களுள் ஒன்று. பசியை நடித்துக் காட்ட அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. வளர்ந்தபின் ஸ்திரீபார்ட், ராஜபார்ட் இரண்டிலும் பெயர் பெற்றார். இலங்கையிலும் அவருக்கு ரசிகர்கள் மிகுதியாக இருந்தனர்.

தமிழ்நாட்டு நாடகக்காரர்களுக்கு அன்றைய கொழும்பு முக்கியமான சந்தை. வணிகர்களும் தொழிலாளர்களுமாகத் தமிழர் அங்கே நிறைந்திருந்தனர். வசூலும் நன்றாக இருந்தது. 1926 இல் சுந்தராம்பாள் இலங்கையில் நடித்துக்கொண்டிருந்த காலத்தில் கிட்டப்பாவும் அங்கு வரவழைக்கப்பட்டார். இருவரையும் ஒரே மேடையில் ஏற்றினால் கூட்டம் திரளும் என்பது ஒப்பந்தக்காரர்களின் கணக்கு. அது தவறவில்லை. குரலின் உயரத்தில் இருவரும் ஒத்தவர்கள். பொதுவாக ஆண் பாடகரும் பெண் பாடகரும் சேர்ந்து பாடும்போது ஒருவருக்காக மற்றவர் சுருதியை விட்டுக்கொடுக்க நேரும். இங்கே ஒரே சுருதியில் இருவரும் முழு வலிமையுடன் பாட முடிந்தது. அவர்களுடைய ஜோடியின் வெற்றிக்குத் தோற்றத்தைவிட இந்த ஒலிப் பொருத்தமே முதற்காரணம் என்பது கவனிக்கத்தக்கது.

போட்டியாகத் தொடங்கியது நட்பாகிப் பின் காதலாயிற்று. இந்தியா திரும்பியபின் 1927 இல் மாயவரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) கோயிலில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். கிட்டப்பாவுக்கு அப்போது வயது இருபத்தொன்று, சுந்தராம்பாளுக்குப் பத்தொன்பது.

மண வாழ்வும் பிரிவும்

இவ்விடத்தில் பல கட்டுரைகள் விரைந்து கடந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. கிட்டப்பா அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1924 இல், குடும்பத்தார் பார்த்து வைத்த கிட்டம்மாள் என்பவரை மணந்திருந்தார். சுந்தராம்பாள் அவருடைய இரண்டாவது மனைவி. ஆண் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை மணப்பதை அன்றைய இந்துச் சட்டம் தடுக்கவில்லை. சென்னை மாகாணத்தில் இருதார மணத் தடைச் சட்டம் 1949 இல் தான் வந்தது. இந்தியா முழுமைக்கும் இந்துத் திருமணச் சட்டம் 1955 இல் வந்தது. ஆக, கிட்டப்பா செய்தது சட்டத்திற்கு மாறானது அன்று. அந்தணக் குடும்பத்தவர் ஒருவர் வேற்றுச் சாதி நாடக நடிகையை மணந்ததே அன்று பெரிய பேச்சாயிற்று. செங்கோட்டையில் இருந்த முதல் மனைவியைப் பற்றி யாரும் அவ்வளவு பேசவில்லை.

மணத்திற்குப்பின் இருவரும் சேர்ந்து தமிழ்நாடெங்கும் நடித்தனர். மேடையில் காணும் வள்ளியும் வேலனும் வாழ்க்கையிலும் கணவன் மனைவி என்ற செய்தி நாடகத்திற்குத் தனிக் கவர்ச்சி தந்தது. கூட்டம் பெருகியது. இவ்வுறவு தொழிலாகவும் இருந்தது என்பதை மறக்கலாகாது. இருவரும் சேர்ந்து மேடையேறும் இரவுக்கு ஒரு விலை. தனித்தனியே ஏறினால் வேறு விலை. வீட்டில் எழுந்த மனத்தாங்கல் மேடையைத் தாக்கியது. மேடையில் எழுந்த போட்டி வீட்டுக்கு வந்தது. இருபது வயதைக் கடந்து ஓரிரு ஆண்டுகளே ஆன இருவர், பையிலும் பாயிலுமாக ஊர் ஊராகத் திரியும் வாழ்க்கையில் இந்தச் சுமையைத் தாங்கினர்.

சுந்தராம்பாள் கருவுற்றுக் கொடுமுடிக்குச் சென்ற காலத்தில் பிளவு வெளிப்பட்டது. கிட்டப்பா அவரைப் பாராமுகமாக விட்டார். பிறந்த குழந்தை சில நாட்களிலேயே இறந்தது. அக்காலத்தில் சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சாகியுள்ளன. வணக்கமும் பணிவும் நிறைந்த மனைவியின் மொழியில் தொடங்கும் அவை, வரவில்லையே என்ற ஏக்கத்தையும், சொன்ன சொல் என்னாயிற்று என்ற கேள்வியையும் ஒருங்கே தாங்கியவை. மேடையில் எதிர்த்து நின்று தர்க்கம் பாடி வென்ற பெண், தபாலில் அடங்கிய குரலில் நியாயம் கேட்கிறார். தமிழ் நாடக வரலாற்றில் நடிகை ஒருவரின் உள்ளம் அவருடைய சொற்களிலேயே நமக்குக் கிடைத்திருப்பது மிக அரிது. ஆகவே இக்கடிதங்கள் காதல் கதைக்கான அணிகலன் மட்டும் அல்ல, நாடகப் பெண்களின் நிலையை அறிய உதவும் ஆவணமும் ஆகும்.

இக்காதலைத் தெய்வீகக் காதல் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. உறவின் ஆழத்தில் ஐயம் இல்லை. ஆனால் அந்த அடைமொழி, கிட்டப்பா மனைவியர் இருவரிடமும் நடந்துகொண்ட முறையை மறைத்துவிடுகிறது. கலைஞனின் நிலையற்ற தன்மை என்று அதை மன்னிப்பவர் உண்டு. அதே நிலையற்ற தன்மை ஒரு நடிகைக்கு மன்னிக்கப்பட்டிருக்குமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேசிய இயக்கத்துடன் தொடர்பு

1920களிலும் 1930களின் தொடக்கத்திலும் நாடக மேடை விடுதலை இயக்கத்தின் பிரசார மேடையாகவும் விளங்கியது. புராண நாடகத்தின் நடுவே கதையோடு சம்பந்தமில்லாமல் தேசியப் பாடல் ஒன்று வரும், மக்கள் ஆரவாரம் செய்வர், போலீசார் குறிப்பெடுப்பர். 1876 ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் ஆட்சேபகரமான நாடகங்களைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் தந்திருந்தது. இவ்வகையில் பலமுறை சிறை சென்றவர் எஸ். எஸ். விஸ்வநாத தாஸ் (1886 - 1940). மதுரகவி பாஸ்கரதாஸ் இத்தகைய பாடல்களை மிகுதியாக எழுதினார். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் காங்கிரஸ் இயக்கத்தின் பக்கம் நின்று தேசியப் பாடல்களை மேடையில் பாடினர். காங்கிரஸ் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி நாடகக் கலைஞர்களிடம் கொண்டிருந்த நட்பு இதற்குத் துணை புரிந்தது.

மறைவு

சிறுவயது முதல் ஓய்வில்லாத இரவுகள், ஓயாத பயணம், நேரந்தவறிய உணவு, மதுப்பழக்கம் ஆகியவை கிட்டப்பாவின் உடலை விரைவாகக் கெடுத்தன. உடல் நலம் குன்றிய நிலையிலும் மேடையை விட இயலவில்லை; ஒப்பந்தங்கள் காத்திருந்தன. 1933 இன் பிற்பகுதியில் திருவாரூரில் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது மேடையிலேயே மயங்கி விழுந்தார். அதுவே அவருடைய கடைசி நாடகம். டிசம்பர் 2, 1933 அன்று காலமானார்.

அவர் இறந்த காலம் கவனத்திற்குரியது. தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் 1931 அக்டோபரில் வெளிவந்திருந்தது. கிட்டப்பா மேடையில் புகழ்பெறச் செய்த வள்ளி திருமணம் கதை, அவர் இறந்த 1933 ஆம் ஆண்டிலேயே வேறு நடிகர்களுடன் படமாகியது. அடுத்த ஆண்டு பவளக்கொடி படத்தின் மூலம் தியாகராஜ பாகவதர் திரைக்கு வந்தார். பாடத் தெரிந்த ராஜபார்ட்டுகளைத் தேடிப் படத் தயாரிப்பாளர்கள் அலைந்த அப்பத்தாண்டு தொடங்கும் வேளையில், அவர்கள் முதலில் தேடியிருக்கக்கூடிய மனிதர் இல்லாமற் போனார்.

சுந்தராம்பாளின் பிற்கால வாழ்வு

கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. அன்று முதல் வெள்ளைச் சேலை உடுத்து, நகைகளைத் துறந்து, கைம்பெண் கோலத்தில் வாழ்ந்தார். வேறு ஆண் நடிகருடன் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். பல மாதங்கள் பொதுவாழ்விலிருந்தே ஒதுங்கியிருந்தார்.

1935 இல் வெளியான நந்தனார் படத்தில் நடிக்க அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பேசப்பட்டது அன்றைய இந்தியத் திரையுலகிலேயே வியப்புக்குரிய செய்தி. அதில் அவர் ஏற்றது நந்தனார் என்னும் ஆண் வேடம். மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். பழைய ராஜபார்ட் பயிற்சி அவருடைய உறுதிமொழிக்குத் துணையாயிற்று என்பது விந்தையே. பின்னர் மணிமேகலை (1940), ஔவையார் (1953), பூம்புகார் (1964), திருவிளையாடல் (1965), காரைக்கால் அம்மையார் (1973) முதலிய படங்களில் நடித்தார். நந்தனார், மணிமேகலை, ஔவை, கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார் என்று அவர் ஏற்ற பாத்திரங்களை வரிசையாக நோக்கினால், எல்லாரும் இல்லறத்தைக் கடந்தவர்கள் என்பது புலப்படும். நாற்பதாண்டுத் திரை வாழ்வில் அவர் ஒருமுறையும் காதலியாக நடிக்கவில்லை.

1951 இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். திரையுலகிலிருந்து சட்டமன்றம் சென்றோருள் அவர் முன்னோடி. துணைவன் (1969) படத்தில் பாடியதற்காகத் தேசிய விருதும், 1970 இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 1980 இல் காலமானார். கிட்டப்பாவின் பெயர் இன்றும் மறக்கப்படாமல் இருப்பதற்கு, அவர் இறந்தபின் நாற்பத்தாறு ஆண்டுகள் வெள்ளைச் சேலையுடன் மக்கள் முன் நடமாடிய சுந்தராம்பாளும் ஒரு காரணம்.

ஒரு பிரெஞ்சு ஒப்புமை

நாடக மேடையின் காதலைச் சொல்லும் திரைப்படங்களுள் உலகப் புகழ்பெற்றது 1945 இல் வெளியான லெ ஆன்ஃபான் து பரதி என்னும் பிரெஞ்சுப் படம். சொர்க்கத்தின் பிள்ளைகள் என்பது பெயரின் பொருள். மார்செல் கார்னே இயக்க, கவிஞர் ஜாக் பிரெவெர் கதை வசனம் எழுதினார். பிரான்சு நாடு நாசி ஜெர்மனியின் பிடியில் இருந்தபோது மிகுந்த இடையூறுகளுக்கு நடுவே எடுக்கப்பட்ட மூன்று மணி நேரத்திற்கும் மேற்பட்ட படம் இது. பாப்திஸ்த் என்ற ஊமைக்கூத்து நடிகன் கரான்ஸ் என்ற பெண்ணைக் காதலிக்கிறான். உடன் நடிக்கும் நத்தாலியை மணக்கிறான். ஆண்டுகள் கழிந்து கரான்ஸ் திரும்பி வரும்போது மனைவியையும் குழந்தையையும் விட்டு அவள் பின்னே ஓடித் திருவிழாக் கூட்டத்தில் அவளைத் தவறவிடுகிறான். பாப்திஸ்த், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசில் வாழ்ந்த ழான் காஸ்பார் தெபுரோ (1796 - 1846) என்ற உண்மைக் கலைஞரின் சாயலில் படைக்கப்பட்டவன்.

தமிழ் மேடையில் இக்கதைக்கு மிக அருகில் நிற்பது கிட்டப்பாவின் வாழ்க்கையே. வேறுபாடும் சுவையானது. தெபுரோவின் அரங்கில் வசனம் பேச அரசு அனுமதி இல்லாமையால் அவர் பேசாமலே நடித்துப் பெயர் பெற்றார். கிட்டப்பாவின் கலையோ முழுவதும் குரல். படத்தின் பெயரில் உள்ள சொர்க்கம் என்பது பாரிஸ் அரங்குகளில் கூரையை ஒட்டி இருந்த மலிவான மேல்மாடத்தைக் குறிக்கும். ஏழை ரசிகர்கள் அங்கே நெருக்கியடித்து அமர்ந்து நடிகனை ஏற்றவும் இறக்கவும் செய்தனர். தமிழ்நாட்டில் அதே மக்கள் அமர்ந்தது தரையில், மேடைக்கு மிக அருகில். மற்றொரு வேறுபாடு உண்டு. பிரெஞ்சுப் படம் பாப்திஸ்த் ஓடுவதைக் காட்டி முடிகிறது. கைவிடப்பட்ட நத்தாலி அதன்பின் என்ன ஆனாள் என்று சொல்வதில்லை. இங்கே நமக்கு சுந்தராம்பாளின் பின்வாழ்வு முழுமையாகத் தெரியும். செங்கோட்டையில் இருந்த கிட்டம்மாளைப் பற்றியோ, பிரெஞ்சுப் படத்தைப் போலவே, வரலாற்று நூல்கள் மிகச் சுருக்கமாகவே பேசுகின்றன.

இசைத்தட்டுகள்

கிட்டப்பா பாடிய கிராமபோன் இசைத்தட்டுகள் அவர் வாழ்ந்த காலத்திலேயே பெருமளவில் விற்பனையாயின. திருமண வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் அவை ஒலித்தன. நிமிடத்திற்கு 78 சுற்றுகள் சுழலும் அத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிட அளவே பதியலாம். மேடையில் ஒன்ஸ்மோருடன் அரை மணி நேரம் நீளும் பாட்டை அதற்குள் சுருக்கவேண்டியிருந்ததால், இராக ஆலாபனை நறுக்கப்பட்டு, சங்கதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விரைந்து வரும். கேட்பவருக்கு அவர் எப்போதுமே அவசரமாகப் பாடியவர் போலத் தோன்றலாம். அது தட்டின் குறை, பாடகரின் குறை அன்று.

அக்காலத் தட்டுகள் எல்லாம் ஒரே வேகத்தில் பதியப்பட்டவை அல்ல என்பதையும் கேட்போர் நினைவில் கொள்ளவேண்டும். பதிந்த வேகமும் மீட்கும் வேகமும் சிறிது மாறினாலும் சுருதி ஏறிவிடும் அல்லது இறங்கிவிடும். ஒலிநாடாவிலிருந்தும் பின்னர்க் கணினிக் கோப்புகளிலிருந்தும் மறுபதிவு செய்யப்பட்ட பிரதிகள் ஒன்றுக்கொன்று சுருதியில் வேறுபடுவது இதனாலேயே. எனவே கிட்டப்பா எத்தனை கட்டை சுருதியில் பாடினார் என்பதை ஒரு பிரதியை மட்டும் கேட்டு முடிவு செய்தல் இயலாது. ஒரே பாடலின் பல பிரதிகளை, ஆர்மோனியத்தின் ஒலி இயல்பாக இருக்கும் வேகத்திற்குச் சரிசெய்து, ஒப்பிட்டுக் கேட்பதே தக்க முறையாகும்.